அம்மா சொன்னால் நம்புவான்

நான் சொன்னால் நம்புவான். அதுதான் பயமாக் கிடக்கு. வேற ஆர் சொன்னாலும் ஏன், எதுக்கு, எப்ப திரும்பி வாறது எண்டு துருவித் துருவிக் கேப்பான். நான் சொன்னால், எந்தச் சப்பாத்தைக் கொண்டுபோறது எண்டு மட்டும்தான் கேப்பான்.

இப்படி நினைத்துக்கொண்டே கிளடிஸ் ஈர விரிப்பின் முனையைப் பிடித்து உதறினாள். மறுமுனை கூட வேலை செய்யும் ஜெயமலரின் கையில் இருந்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்து அதைச் சலவை ஆலையின் இஸ்திரி உருளையின் வாயில் வைக்க, இயந்திரம் இழுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிகளில் இருந்து வண்டி வண்டியாக வரும் விரிப்புகள். யார் யாரோ படுத்து, வியர்த்து, சிலர் செத்தும் போன துணிகள், மறுபக்கத்தால் சூடாகவும் வெள்ளையாகவும் வந்து விழும். வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி வாகனத் தரிப்பிடத்தின் ஓரங்களில் கறுத்துக் கிடந்தது. உள்ளே ஆவியில் இமைகூட வியர்த்தது.

"என்ன, இண்டைக்கு வாய்க்குப் பூட்டே?" என்றாள் ஜெயமலர்.

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாமலே தலையணை உறையை விரிப்பு எண்டு நினைச்சு மூண்டு தரம் உதறினனீ? சுப்பவைசர் பாத்துக்கொண்டு நிக்கிறாள். முகத்தைப் பார், புளிச்ச தோசை மாதிரி."

கிளடிசுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள். கணவன் கிளிபோட்டின் தகப்பன் அமிர்தநாதர் மன்னாரில் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட மார்ச் விடுமுறையோடு சேர்த்து நினைவுப் பூசை வைத்திருக்கிறார்கள். கிளிபோட் மகன் மரியோவைக் கூட்டிக்கொண்டு போவார். பூசை முடிந்ததும், அங்கே பேசாலையில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டில் பெடியனை விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, தான் மட்டும் திரும்பி வருவார். மரியோவுக்கு இப்போது பூசை மட்டும்தான் தெரியவேண்டும். மற்றது அங்கே போன பிறகு தெரிந்தால் போதும்.

"ஆற்றை யோசினை?"

"அண்ணையின்ரை. இவற்றை தமையன் அகஸ்ரின் அண்ணையின்ரை. இவர் ஓம் எண்டிட்டார். நான்தான் பெடியனுக்குச் சொல்லவேணுமாம். நான் சொன்னால்தான் சந்தேகப்படமாட்டானாம்."

ஜெயமலர் அடுத்த விரிப்பின் முனையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு விரிப்புகள் உள்ளே போயின.

"என்ரை மோன் ஜனார்த்தனை நாங்கள் கோயில் திருவிழா எண்டு சொல்லித்தான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள்," என்றாள். "உனக்குத் தெரியும்தானே. பத்தாம் வகுப்பு. அந்த நேரம் உவன் சேர்ந்து திரிஞ்ச கூட்டம் அப்பிடி. திருவிழா முடிய நான் ஏயாப்போட்டிலை நிக்கிறன், அவன் மாமா வீட்டிலை. விடியக் கண் முழிச்சுப் பாத்திருப்பான், அம்மாவைக் காணேல்லை."

"இப்ப நல்லாத்தானே இருக்கிறான் அக்கா."

"ஓமோம், நல்லா இருக்கிறான். திரும்பி வந்து எட்மன்ரனிலை நல்ல வேலை. அடிபிடி ஒண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் எடுப்பான். சுகமோ அம்மா? சுகம். சாப்பிட்டியளோ? சாப்பிட்டன். அங்கை குளிரோ? குளிர்தான். அவ்வளவுதான்." ஜெயமலர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தாள். "போன வருசம் அவனுக்கு வயித்திலை ஒப்பரேசன் நடந்தது. அது முடிஞ்சு, தையலும் வெட்டினாப் பிறகு மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப அனுப்பவேண்டாம் எண்டுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அனுப்பு எண்டும் சொல்லேல்லை. அனுப்பாமல் விட்டிருந்தால் இண்டைக்கு அவன் உயிரோடை இருந்திருப்பானோ எண்டும் எனக்குத் தெரியாது. உன்ரை பிள்ளை. இந்தா, முனையைப் பிடி."

எல்லாம் மிதுனனில் இருந்து தொடங்கியது. மிதுனன் அவர்களுடைய அடுக்குமாடியிலேயே வளர்ந்தவன், மரியோவின் கூட்டாளி. தை மாதத்தில் ஒரு பின்னேரம் பக்கத்துக் கட்டடத்துப் பெரிய பெடியன்கள் அவனைக் கடைத்தொகுதியின் பின்பக்கம் கொண்டுபோய் அடித்தார்கள். தாடை உடைந்தது. அடித்ததை ஒருவன் படம் எடுத்துப் பள்ளிக்கூடம் முழுக்க அனுப்பினான். அந்தப் படத்தின் கீழே மரியோ 'கோழைகள்' என்று எழுதினான். பதிலுக்கு அவனுக்கு வந்தது: அடுத்தது நீ.

இதில் ஒன்றும் கிளடிசுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது சமையலறையில் சின்னக் கத்தி காணாமல் போனது மட்டும்தான். வெங்காயத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பாள் என்று மகள் ஜெசிகாவைப் பேசினாள். பதினொரு வயதுப் பிள்ளை, இல்லை அம்மா இல்லை அம்மா என்று அழுதது.

ஒரு சனிக்கிழமை காலை கிளடிஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பாரை மீன். செதில் கையெல்லாம் ஒட்டியிருந்தது. மரியோ வந்து பக்கத்தில் நின்றான். அவளைவிட ஒரு தலை உயரம். பதினைந்து வயது. மேலுதட்டில் அழுக்குப் போல மெல்லிய மயிர்.

"அம்மா, டோன்ற் ஃப்ரீக் அவுற், பதறாதேங்கோ," என்றான்.

"என்ன?"

ஸ்வெற்றர் பையில் இருந்து கத்தியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் மீன் தலைகளின் பக்கத்தில் வைத்தான். ஒரு துண்டு அட்டையை மடித்து உறை மாதிரிச் செய்து ஒட்டியிருந்தான்.

"ஸ்கூலுக்குக் கொண்டு போனனான். பாக்கிலை. ஐ டோன்ற் வோன்ற் இற் எனிமோர். நீங்கள் வைச்சிருங்கோ."

அவள் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறாள். கையில் மீன் இருந்ததாலோ, அந்த அட்டை உறையைப் பார்த்ததாலோ. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அட்டையில் வீடு செய்வான், அதே மாதிரி மூலைகளை வடிவாக மடித்திருந்தான். "கையைக் கழுவிப்போட்டு இரு," என்றாள். அவன் இருந்தான். மீன் முழுவதையும் வெட்டி முடிக்கும்வரை எல்லாவற்றையும் சொன்னான். யார் அனுப்பினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவள் கிளிபோட்டுக்குச் சொன்னாள். புருசனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பேக்கரி லொறி ஓட்டிக் களைத்து வந்த மனிதன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியிலேயே இருந்துவிட்டார். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரே அறையில் கூட இருந்த பெடியன் ஒருவன் டோனட் கடை வாசலில் வெட்டுப்பட்டவன். அதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை. தமையனுக்கு ஃபோன் எடுத்தார்.

அகஸ்ரின் கெட்ட மனிதர் இல்லை. அவர்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, வீடு பார்த்துக் கொடுத்து, வேலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டவரே அவர்தான். புதன்கிழமைகளில் அவருடைய வீட்டில் செபமாலைக் கூட்டம் நடக்கும். கடைசியில் ஆளுக்கு ஆள் செபக் கருத்துச் சொல்வார்கள்: ஒருவருடைய வழக்குக்காக, ஒருவருடைய சுகயீனத்துக்காக. அந்தப் புதன் அகஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு, "பள்ளிக்கூடத்துக்கு ஆயுதம் கொண்டுபோன ஒரு பெடியனுக்காகவும், அவன்ரை தாய் தேப்பனுக்காகவும் செபிப்பம்," என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகக் கிளடிஸ் குடும்பம் கூட்டத்துக்குப் போயிருக்கவில்லை. எல்லோரும் மனமுருகித்தான் செபித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் எல்லோரும் கதைத்தும்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெடியன் மரியோவிடம் கேட்டான்: "நீதானே அந்த நைஃப் பெடியன்? எங்கடை அம்மா உனக்காக அழுதவ."

மரியோ வீட்டுக்கு வந்து கிளடிசைப் பார்த்தான். "ஐ ரோல்ட் யூ," என்றான். "யூ. உங்களுக்கு மட்டும்தான்." அவ்வளவுதான். அதன் பிறகு சாப்பாடு வேணுமோ என்றால் ஓம், வேண்டாமோ என்றால் ஓம். கதவைச் சாத்திக்கொள்வான். சாத்தும்போது சத்தம்கூட வராது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கிளடிஸ் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். இருட்டோடு போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கென்னடி வீதி பஸ் தரிப்பிடத்தில் வந்து நிற்பாள். பள்ளிக்கூட வாசலுக்குப் போகமாட்டாள். தாய் வந்து கூட்டிப்போகிறாள் என்று பெடியன்கள் சிரிப்பார்கள். காற்று முகத்தைக் கீறும். பனிக்கு வீதியில் போடும் உப்பு கரைந்த தண்ணீர் சப்பாத்துக்குள் ஊறும். அவன் வருவான், கண்டும் காணாத மாதிரி ஏறிப் பின்னால் போய் இருப்பான். அவள் முன்னால் இருப்பாள். இறங்கினால் அவன் முன்னுக்கு, இவள் பின்னுக்கு. மாடித்தூக்கியில் இருவரும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தனக்கு என்ன வேண்டும் என்று அந்த நாட்களில் அவளுக்கே தெரியவில்லை. கால் விறைத்து நிற்கும்போது, இவன் இங்கே இல்லாவிட்டால் நான் இந்தக் குளிரில் நிற்கத் தேவையில்லையே என்று நினைத்திருக்கிறாள். அவன் எங்கேயோ பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்தால், தொலைபேசி அடிக்கும்போது நெஞ்சு அடைக்காது. நித்திரை கொள்ளலாம். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பில் ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிற சுகம். பெற்ற பிள்ளை கண்ணுக்கு முன்னால் இல்லாதிருக்கட்டும் என்று நினைக்கிற தாயை என்னவென்று சொல்வது? ஆரிடமும் சொல்லவில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் அவன் பின்னால் இருந்து எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் நல்லா நனைஞ்சு போயிட்டியள்," என்றான்.

"பரவாயில்லை."

"அந்த மெசேஜ் அனுப்பினது ஆரெண்டு சொன்னால் பெரியப்பாவுக்குச் சொல்லுவியளோ?"

"இல்லை."

"அப்பாவுக்கு?"

அவள் யோசித்தாள். "உன்னைக் கேட்டிட்டுத்தான் சொல்லுவன். ஸ்கூலுக்குச் சொல்லலாமோ? உன்னோடை நானும் வாறன்."

இரண்டு தரிப்பிடம் தாண்டியபின் பெயரைச் சொன்னான்.

பள்ளிக்கூடத்தில் துணை அதிபரும், அந்தக் கட்டடங்களின் பிள்ளைகளோடு வேலை செய்கிற இளம் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். மரியோ எல்லாவற்றையும் சொன்னான், கத்தியையும்தான். துணை அதிபர் திகதி கேட்டார், பெயர்கள் கேட்டார், படத்தைக் கேட்டார். அந்தப் பெண் மட்டும் வேறொன்று கேட்டாள்: "முதலில் யாரிடம் சொன்னாய்?" மரியோ நாடியால் கிளடிசைக் காட்டினான். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

படம் எடுத்தவனையும் இன்னொருவனையும் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அடித்தவர்களில் மற்றவன் இன்னும் அங்கேதான். மிதுனன் திரும்பி வந்துவிட்டான். கம்பி போட்ட வாயால் உறிஞ்சி உறிஞ்சிச் சூப் குடிக்கிறான். மரியோவையும், கத்தி கொண்டுவந்ததற்காக, கொஞ்ச நாள் வகுப்புக்கு வரவேண்டாம் என்றார்கள்.

அதோடுதான் அகஸ்ரின் கொதித்தார். "பாத்தியே? உண்மையைச் சொல்லப் போனதுக்கு இதுதான் மிச்சம். இப்ப அவன்ரை பேரிலை ஒரு கறுப்புப் புள்ளி. இருக்கிறவன் இன்னும் இருக்கிறான். நாளைக்கு ஒண்டு நடந்தால் அந்தப் பெட்டையே வந்து உனக்கு ஆறுதல் சொல்லப்போறாள்?" கிளிபோட் பயணச்சீட்டு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மோர்னிங்சைட்டில் அகஸ்ரின் வீட்டில் சாப்பாடு. தவக்காலம் என்றபடியால் இறைச்சி இல்லை. அவருடைய மனைவி மரியம்மா அதை ஈடுகட்டுவதற்காகக் கணவாய்க் கறி, சுறா வறை, இறால் போட்ட முருங்கையிலைச் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு என்று மேசையை நிரப்பியிருந்தாள்.

"இதுதான் எங்கடை ஒறுத்தல்," என்றார் அகஸ்ரின். "ஆடு மட்டும் தப்பியிருக்கு. கடல் முழுக்க மேசையிலை."

"நீங்கள் விஸ்கியை விட்டதைச் சொல்லுங்கோவன்," என்றாள் மரியம்மா. "விட்ட நாளிலை இருந்து வீட்டிலை எங்களுக்குத்தான் தவக்காலம்."

சிரித்தார்கள். பிள்ளைகள் தட்டுகளோடு கீழே பேஸ்மண்டுக்குப் போய்விட்டார்கள். கிளடிஸ் சட்டி கழுவப் போனாள். அகஸ்ரின் பின்னால் வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு குளிர்ப்பெட்டியில் சாய்ந்து நின்றார்.

"பிள்ளை, இண்டைக்கு அவனுக்குச் சொல்லிவிடு. பயணம் கிட்டுது."

"எப்பிடிச் சொல்லுறது அண்ணை? பொய்தானே."

"என்ன பொய்? பூசை இல்லையோ? ஐயாவுக்கு வருசம் முடியேல்லையோ?"

"பூசை உண்மை. திரும்பி வாறதைப் பற்றிக் கேட்டால்?"

"கேட்டால்தானே. நீ சொன்னால் ஏன் கேக்கப்போறான்? கிளிபோட் சொன்னால் சண்டை பிடிப்பான். நான் சொன்னால், பெரியப்பா என்ன பிளான் எண்டு கேப்பான், உன்ரை மோனுக்கு வாய் கொஞ்சமே? உன்னைத்தான் நம்புவான்."

"ஓம்," என்றாள் கிளடிஸ். குழாயை மூடவில்லை.

"நான் அவன்ரை நன்மைக்குத்தானே சொல்லுறன். நாளைக்கு அவன் ஆஸ்பத்திரியிலை கிடந்தால், இல்லாட்டி அவன் ஒருத்தனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால்? எங்கடை சனத்திலை எத்தினை வீடு பாத்திட்டன். அழுது முடிஞ்ச வீடுகள். நான் உன்ரை வீட்டு வாசலிலை அப்பிடி வந்து நிக்க மாட்டன், சொல்லிப்போட்டன்." அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று அவளுக்குத் தெரியும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தெரியும்.

அவன் அங்கே பத்திரமாக இருப்பான் என்றே வைத்துக்கொள்வோம் என்று நினைத்தாள். மாமி சோறு போடுவாள், பள்ளிக்கூடம் போவான், மீசை வைப்பான். ஒரு நாள் அங்கேயும் எவனோ ஒருவன் மிரட்டுவான். உலகத்தில் மிரட்டுகிறவன் இல்லாத ஊர் எது? அப்போது பையில் எதையோ ஒளித்துக்கொண்டு யாரிடம் போவான்? எந்தச் சமையலறைக்கு?

அகஸ்ரின் அதற்குள் படியடிக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டார். "மரியோ! மேலை வா ராசா. அம்மா ஒரு சந்தோசமான விசயம் சொல்லப்போறா."

மரியோ தட்டோடு ஏறி வந்தான். வாயில் இன்னும் புட்டு இருந்தது. பின்னால் ஜெசிகாவும் வந்தாள். கிளிபோட் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியம்மா தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"வாட்?" என்றான் மரியோ. பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. "என்ன அம்மா?"

கிளடிஸ் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"அப்பப்பாவின்ரை பூசைக்கு உன்னை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகினம்," என்றாள்.

"ஓ. கூல்."

அகஸ்ரின் மூச்சு விட்டார்.

"பூசை முடிய அப்பா மட்டும் திரும்பி வருவார். நீ அங்கை மாமி வீட்டிலை இருந்து படிக்கிறதாம். உனக்கு முதலே சொல்லவேண்டாம் எண்டு சொன்னவை."

கீழே தொலைக்காட்சியில் ஏதோ விளையாட்டுக்கு ஆட்கள் கத்தினார்கள். மரியோ வாயில் இருந்ததை விழுங்கினான். தகப்பனைப் பார்த்தான். கிளிபோட் நிமிரவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமோ? யூ நியூ?"

"ஓம். தெரியும்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. இப்பதான் சொல்லுறன். எனக்கு விருப்பமில்லை."

அவனுடைய உதடு ஒரு பக்கம் இழுபட்டது. கத்துவானோ, இறங்கி ஓடுவானோ என்று பார்த்தாள். அவன் அப்படியே நின்றான். தட்டு கையில் சரிந்து, கணவாய்க் குழம்பு விளிம்பு வரை வந்தது. ஜெசிகா அதைப் பிடித்து நிமிர்த்தினாள்.

அகஸ்ரின் சிரிக்கப் பார்த்தார். "அட, பெடியன்ரை முகத்தைப் பாருங்கோ, வெளிறிப்போச்சு. கிளடிஸ், பகிடிக்குச் சொன்னனான் எண்டு சொல்லு." அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். கெஞ்சுவது மாதிரித்தான் இருந்தது. "இன்னும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. பகிடி எண்டு சொல்லு பிள்ளை. நீ சொன்னால் நம்புவான்."

"இல்லை அண்ணை," என்றாள் கிளடிஸ்.